கேமுக்குள் கரையும் காசு: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல், கென்ஷின் இம்பாக்ட், எஃப்சி போன்ற கேம்களில் காசு போட்டு வெறுத்துப்போனவர்களும், பிள்ளையின் கையிலிருந்த போனால் கார்ட் பில் எகிறிப்போன பெற்றோரும் கேட்பவை இவை. கணக்குகளில் ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். கேமுக்குள் செல்லும் நாணயப் பொதிகளின் விலை காலத்துக்குக் காலம், நாட்டுக்கு நாடு சற்று மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

இலவசம் என்றுதானே இறக்கினோம். பிறகு ஏன் எங்கே தொட்டாலும் காசு கேட்கிறது?

டிஸ்க்கில் வந்த கேம் ஒருமுறை விற்றதோடு வியாபாரம் முடிந்தது. லைவ் சேர்விஸ் கேமுக்கு முடிவே இல்லை. சேர்வர் ஓட வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக ஏதாவது வர வேண்டும், ஹக் அடிப்பவர்களைப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் மாதாமாதம் செலவு. ஆனால் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் ஒரு சதமும் போடுவதில்லை. சிறு தொகையினர்தான் பெருங்காசு போடுகிறார்கள். தொழிலில் அவர்களுக்குத் திமிங்கலம் என்று பெயர். கடை முழுக்க அவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. காசு போடாதவரும் கேமுக்குத் தேவைதான்: தங்கத் துப்பாக்கி வாங்கியவர் அதைக் காட்ட எதிரே ஆள் வேண்டுமே.

காசு கேட்பது குற்றம் அல்ல. எவ்வளவு கேட்கிறது என்பதை மறைப்பதுதான் எரிச்சலின் வேர். கீழே வரும் பெரும்பாலான கேள்விகள் அந்த மறைப்பைப் பற்றியவைதான்.

எந்தப் பொதி வாங்கினாலும் கடைசியில் கொஞ்சம் குறைகிறதே. தற்செயலா?

தற்செயல் அல்ல. ஃப்ரீ ஃபயரின் ஃபேடட் வீல் என்ற பரிசுச் சக்கரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துப் பரிசில் பிடிக்காத இரண்டை நீங்களே நீக்கலாம், மீதி எட்டு. ஒரு பரிசு இரண்டு தரம் விழாது. ஆக எட்டுச் சுற்றில் எல்லாம் கிடைத்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது சுற்றின் விலையைப் பாருங்கள். பரவலாக வந்த வரிசை இது: 9, 19, 39, 69, 99, 149, 199, 499. கூட்டினால் 1,082 டயமண்ட் (அந்தக் கேமின் நாணயம்).

9.99 டொலர் பொதியில் வருவது 1,060. குறைவது 22.

அந்த 22க்காக 0.99 டொலருக்கு இன்னொரு 100 டயமண்ட் வாங்க வேண்டும். மொத்தம் 10.98 டொலர், ஏறத்தாழ 3,300 ரூபாய். கையில் 78 மிஞ்சும். அடுத்த வீல் வரும்போது அந்த 78 முதல் மூன்று சுற்றுக்குப் போதும் (9+19+39=67). நான்காவது சுற்றுக்கு 69 வேண்டும், கையில் 11 இருக்கும். இங்கேதான் ஆள் மறுபடி கடைக்குள் போகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசிச் சுற்று மட்டும் மொத்த விலையில் 46 சதவீதம். பெரிய பரிசுக்கு ஒதுக்கிய வாய்ப்பு மிகச் சிறியது என்பதால் அது பெரும்பாலும் கடைசிக்குப் பக்கத்தில்தான் விழும். ஏழாவது சுற்று வரை 583 டயமண்ட் போட்டவர், "இவ்வளவு போட்டாச்சு, இனி விடுவதா" என்று 499ஐயும் அழுத்துவார். 9 டயமண்ட் என்ற முதல் விலை தூண்டில் புழு. அந்த 499தான் கொக்கி.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சுற்றத் தொடங்க முன் எட்டு விலையையும் கூட்டி, ரூபாயாக்கி, "இந்த ஒரு உடுப்புக்கு 3,300 ரூபாய் கொடுப்பேனா" என்று கேளுங்கள். கொடுப்பேன் என்றால் சுற்றுங்கள். இல்லையென்றால் முதல் 9ஐயும் அழுத்த வேண்டாம்.

நாணயத்தை இப்படி மாற்றுவது பற்றி ஐரோப்பாவிலும் முறைப்பாடு உண்டு. கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை உண்மைக் காசிலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் நாணயம் வாங்க வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் கோட்பாடுகள் வெளியிட்டன. இங்கே அந்தக் கணக்கை நீங்களேதான் போட வேண்டும்.

ஒரு சதவீத வாய்ப்பு என்றால் 100 தரம் திறந்தால் கிடைத்துவிடும்தானே?

இல்லை. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசுக்குத் திறக்கும் பெட்டி இது, லூட் பாக்ஸ் என்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் புதுப் பெட்டி. முன்பு திறந்த 99 அதற்கு நினைவில் இல்லை. நூறு பேர் ஆளுக்கு 100 பெட்டி திறந்தால் ஏறத்தாழ 63 பேருக்குக் கிடைக்கும், 37 பேர் வெறுங்கையோடு போவார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு 230 பெட்டி. நூற்றில் 99 பேருக்கு என்றால் 459.

கூகுள் பிளேயிலும் அப்பிள் கடையிலும் இப்படியான பெட்டி விற்கும் கேம்கள் வாய்ப்பு வீதத்தை வெளியிட்டே ஆக வேண்டும். அப்பிள் இந்த விதியை 2017 டிசம்பரில் கொண்டுவந்தது, கூகுள் 2019இல். பெட்டித் திரையின் மூலையில் கேள்விக்குறியோ சிறிய ஐ எழுத்தோ இருக்கும், அதை அழுத்துங்கள். அங்கே தனித்தனிப் பொருளின் வீதத்தைப் பாருங்கள். "தங்க நிலைப் பொருள் 5 சதவீதம்" என்று எழுதியிருக்கும். அந்த 5க்குள் இருபது பொருள் இருந்தால், உங்களுக்கு வேண்டியது 0.25 ஆகவும் இருக்கலாம்.

பிட்டி இருந்தால் பயமில்லை என்கிறார்களே?

பிட்டி என்பது உச்சவரம்பு. இத்தனை தரம் இழுத்தும் கிடைக்காவிட்டால் கட்டாயம் தருவோம் என்ற உறுதி. பயன் உண்டு, ஆனால் அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கென்ஷினில் பாத்திரங்கள் குலுக்கலில்தான் வரும். ஒரு தரம் குலுக்குவது ஒரு இழுப்பு, அதற்கு 160 பிரைமோஜெம் (அந்தக் கேமின் நாணயம்). ஐந்து நட்சத்திரத்தின், அதாவது மிக அரிய வகையின், அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது இழுப்பில் கட்டாயம் ஒன்று வரும். ஆட்டக்காரர்கள் பதிவுசெய்து பார்த்ததில் 74ஐ ஒட்டி வாய்ப்பு சட்டென்று ஏறுகிறது. அதற்கு முன் வெறும் 0.6இல் 73 தரம் இழுத்தால் கிடைக்கும் வாய்ப்பு 36 சதவீதம்தான். வந்தாலும் நீங்கள் குறிவைத்த பாத்திரம் அல்லாமல் வேறொன்று வரலாம். பாதிக்குப் பாதி என்றிருந்த அந்த விதியை 2024இல் சற்று இளக்கினார்கள். ஆனாலும் மிக மோசமான நிலை இரண்டு முறை 90, அதாவது 180 இழுப்பு, 28,800 பிரைமோஜெம்.

அதை முழுக்கக் காசால் வாங்கினால்? 99.99 டொலர் பொதி மூன்று (ஒன்றில் 8,080), 49.99 பொதி ஒன்று (3,880), 14.99 பொதி ஒன்று (1,090). மொத்தம் 29,210 கிறிஸ்டல் (ஒன்றுக்கு ஒன்று பிரைமோஜெம்மாக மாற்றலாம்), 364.95 டொலர். ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒரே ஒரு பாத்திரத்துக்கு. முதல் தரம் வாங்குவோருக்கான இரட்டிப்புச் சலுகையை இதில் சேர்க்கவில்லை.

அதே கேமில் 4.99 டொலர் மாத அட்டை ஒன்று இருக்கிறது: உடனே 300, பிறகு 30 நாள் தினமும் 90, ஆக 3,000. பன்னிரண்டு மாதம் வாங்கினால் 60 டொலருக்கு 36,000 பிரைமோஜெம், அதாவது 225 இழுப்பு. அவசரப்படுபவர் 365 டொலருக்கு வாங்குவதை விட அதிகம், ஆறில் ஒரு பங்கு விலைக்கு. ஒரு நிபந்தனை: ஒரு நாள் கேமைத் திறக்காவிட்டால் அந்த நாளின் 90 போய்விடும். மீதி விலையை நீங்கள் நேரத்தால் கட்டுகிறீர்கள்.

பாஸ் வாங்குவது லாபமா?

பாஸ் என்பது ஒரு சீசன் முழுக்க விளையாடிப் படிப்படியாகப் பரிசு எடுக்கக் காசு கொடுத்து வாங்கும் சீட்டு. பெட்டியை விட நேர்மையான சரக்கு. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியும். ஆனால் பாஸ் வாங்கிய அன்று உங்களுக்குக் கிடைப்பது பொருள் அல்ல, உழைத்து எடுக்கும் உரிமை. ஆகவே சீசன் தொடக்கத்தில் வாங்காதீர்கள். இலவசப் பாதையில் விளையாடிக்கொண்டே போங்கள்; கடைசி வாரத்தில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்து அப்போது வாங்குங்கள். பெரும்பாலான கேம்களில் அதுவரை தாண்டிய படிகளின் பரிசுகள் எல்லாம் ஒரேயடியாகத் திறக்கும். சாதாரண தரப் பரீட்சை மாதத்தில் தொடங்கும் சீசனுக்கு முதல் நாளே காசு கட்டுவது வீண். முடிய நான்கு நாள் இருக்கும்போது "மிச்சப் படிகளை வாங்குங்கள்" என்று கேட்கும், அங்கேதான் இரண்டாவது செலவு.

திரையில் காட்டிய விலையை விடக் கார்ட்டில் கூட வெட்டியிருக்கிறதே?

மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, அப்பிள் கடையில் இலங்கைக் கணக்குகளுக்கு விலை டொலரில்தான். வங்கி தன் விற்பனை விகிதத்தில் மாற்றி, அதன்மேல் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் முத்திரை வரியும் சேர்க்கும். 9.99 டொலர் 2,997 ரூபாயோடு நிற்காது. கட்டணம் 3 சதவீதம் என்றால் இன்னும் 90 ரூபாய். வீதம் வங்கிக்கு வங்கி வேறு, அதன் கட்டண அட்டவணையில் இருக்கும். கூகுள் பிளே ரூபாயில் காட்டும். ஆனாலும் காசு வாங்குபவர் வெளிநாட்டில் பதிவானவர் என்பதால் சில கார்ட்டுகளில் கட்டணம் விழும்.

இரண்டாவது, வாங்கிய அன்றைய விகிதமும் இரண்டு மூன்று நாள் கழித்துக் கணக்கில் பதியும் விகிதமும் ஒன்றல்ல. 2022இன் முற்பகுதியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது அதே பொதி சில மாதத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் விலையானது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். கேம் கம்பனி விலையேற்றவில்லை, ரூபாய்தான் இறங்கியது.

மூன்றாவது வரி. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வரும் டிஜிட்டல் சேவைகளையும் அதற்குள் கொண்டுவரும் சட்டத் திருத்தம் 2025இல் நிறைவேறியது. 3,000 ரூபாய்ப் பொதியில் 18 சதவீதம் என்றால் 540 ரூபாய்.

சிறு தொகை வெட்டி மறுநாளே திரும்பி வந்திருந்தால் அது கார்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, பயப்பட வேண்டாம்.

பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டது. காசு திரும்புமா?

பல நேரம் திரும்பும், வேகமாகச் செயல்பட்டால். முதல் வேலை: அந்த டயமண்டையோ, பப்ஜி நாணயமான யூசியையோ செலவழிக்க விடாதீர்கள். போனை வாங்கி வையுங்கள். செலவழித்த நாணயத்துக்கு ரீஃபண்ட் கிடைப்பது கடினம். அப்பிள் விசாரிக்கும்போது, அது பயன்பட்டதா என்ற தகவலைக் கேம் கம்பனி அனுப்ப வழி இருக்கிறது.

கூகுள் பிளே என்றால் 48 மணி நேரத்துக்குள் கேளுங்கள். பிரவுசரில் கூகுள் பிளேயைத் திறந்து, காசு கட்டிய அதே ஜிமெயிலில் நுழைந்து, ஓடர் வரலாற்றில் அந்த ஓடரைத் தேர்ந்து, பிரச்சினையைத் தெரிவிக்கும் பொத்தானை அழுத்தி, குடும்பத்தில் ஒருவர் அனுமதியின்றி வாங்கினார் என்ற காரணத்தைக் கொடுங்கள். பதினைந்து ஓடர் இருந்தால் பதினைந்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குக் கேட்டுவிட்டு மற்றவையும் சேரும் என்று இருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 48 மணி நேரம் தாண்டினால் கூகுள் உங்களைக் கேம் கம்பனியிடம் அனுப்பும். அப்போது ஜி.பி.ஏ. என்று தொடங்கும் ஓடர் இலக்கம், பிளேயர் ஐடி, சேர்வர், திகதி, ரசீதின் ஸ்கிரீன்ஷொட் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் எளிய ஆங்கிலத்தில் அனுப்புங்கள். 120 நாள் அவகாசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முன்பின் தெரியாதவர் உங்கள் கார்ட்டைப் பயன்படுத்தியதற்கு. சொந்தப் பிள்ளை வாங்கியதை அந்த வழியில் சொன்னால் நிராகரித்துவிடுவார்கள்.

அப்பிள் என்றால் ரிப்போர்ட் எ ப்ரொப்ளம் பக்கத்தில் நுழைந்து, ரீஃபண்ட் வேண்டும் என்று தேர்ந்து, சிறுவர் அனுமதியின்றி வாங்கியதாகச் சொல்லும் காரணத்தைக் கொடுங்கள். பொதுவாக 90 நாள் வரை கேட்கலாம். கட்டணம் இன்னும் நிலுவை என்று காட்டினால் அது முடியும் வரை பொறுங்கள், அதற்கு முன் படிவம் ஏற்காது.

ரீலோட்டிலிருந்து வெட்டியிருந்தாலும் கேட்க வேண்டிய இடம் கூகுள்தான். டயலொக், மொபிடெல், ஹட்ச் வாடிக்கையாளர் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை. திரும்பி வரச் சில வாரங்கள் ஆகலாம்.

வங்கியிடம் போய்ச் சார்ஜ்பேக் கேட்பது கடைசி வழி. வங்கி காசைத் திருப்பி எடுத்தால் கேம் கணக்கு முடங்கும், நாணய இருப்பு மைனசுக்குப் போகும், கூகுள் கணக்கில் கட்டண வசதியே நிறுத்தப்படவும் கூடும். அதே ஜிமெயிலில் குடும்பப் படங்கள் எல்லாம் இருந்தால் இருமுறை யோசியுங்கள்.

இனிமேல் நடக்காமல் எப்படிப் பூட்டுவது?

அண்ட்ரொய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ் போய், பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனை ஒவ்வொரு கொள்வனவுக்கும் என்று வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒருமுறை என்று விட்டால் நீங்கள் ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகு அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். பிள்ளையின் விரல் ரேகை அந்தப் போனில் பதிந்திருந்தால் இந்தப் பூட்டால் பயனில்லை. ரேகையை நீக்குங்கள், அல்லது பாஸ்வேர்ட் மட்டும் என்று வையுங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து, பெற்றோருக்கான கூகுள் செயலியான ஃபமிலி லிங்கில் இணைத்தால் ஒவ்வொரு கொள்வனவும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். கூகுள் பிளேயின் கட்டண முறைக்கு வெளியே, இணையத்தளத்தில் டொப் அப் செய்வதை அது தடுக்காது. பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் வைக்கும் இடமும் உண்டு. அது எச்சரிக்கும், நிறுத்தாது.

ஐபோனில் ஸ்கிரீன் டைம், பிறகு உள்ளடக்கக் கட்டுப்பாடுகள், அதில் செயலிக்குள் வாங்குவதை அனுமதிக்காதே என்று வையுங்கள். ஸ்கிரீன் டைமுக்குப் போனைத் திறக்கும் இலக்கத்தையே கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட உறுதியானது, கார்ட்டையே கழற்றிவிடுவது. வேண்டிய நேரம் போடுங்கள். வங்கிச் செயலியில் ஒன்லைன் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள்.

பேஸ்புக்கில் பாதி விலைக்கு டயமண்ட் தருகிறார்களே, நம்பலாமா?

பிளேயர் ஐடி மட்டும் வாங்கி டொப் அப் செய்பவர் எல்லோரும் கள்ளர் அல்ல. மொத்தமாக வாங்கி 5, 10 சதவீதம் குறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பாதி விலை என்றால் அந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். திருடிய கார்ட்டில் வாங்கிய டயமண்டாக இருக்கலாம். கார்ட் உரிமையாளர் முறைப்பாடு செய்த அன்று கம்பனி டயமண்டைத் திருப்பி எடுக்கும். தண்டனை உங்கள் ஐடிக்கு. அல்லது விற்பவரே வாங்கிக் கொடுத்துவிட்டு ரீஃபண்ட் கேட்டிருப்பார். விளைவு ஒன்றுதான். பாஸ்வேர்டோ போனுக்கு வரும் ஓடிபியோ கேட்டால் அதோடு நிறுத்துங்கள், டொப் அப்புக்கு அவை தேவையே இல்லை. இலவச டயமண்ட் ஜெனரேட்டர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. டயமண்ட் இருப்பது கம்பனியின் சேர்வரில், உங்கள் போனில் அல்ல.

யூனிட்டி பிளாசா, லிபர்ட்டி பிளாசா பக்கம் கடைகளில் கிஃப்ட் கார்ட் வாங்கும்போது பார்க்க வேண்டியது நாடு. அமெரிக்கக் கார்ட் இலங்கைக் கூகுள் கணக்கில் ஏறாது. கணக்கின் நாட்டை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம், மாற்றினால் பழைய இருப்பு கூட வராது. சுரண்டிய கார்ட்டைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

பிளேஸ்டேஷனில் பொயிண்ட்ஸ் வாங்கினேன், கேமில் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் ரீஜன் முரண்பாடு. பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கே எல்லோரும் அமெரிக்கா, பிரித்தானியா, சிங்கப்பூர் என்று ஏதோ ஒரு நாட்டுக் கணக்கில் இருக்கிறார்கள். கடையில் வாங்கிய டிஸ்க் ஐரோப்பாவுக்கோ ஆசியாவுக்கோ உரியதாக இருக்கும். அமெரிக்கக் கணக்கில் வாங்கிய பொயிண்ட்ஸ் ஐரோப்பிய டிஸ்க்கில் ஏறாது. டிஸ்க் வாங்க முன் உறையில் உள்ள ரீஜனையும் உங்கள் கணக்கின் நாட்டையும் ஒப்பிடுங்கள். கணக்கின் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது; புதுக் கணக்குத்தான் வழி.

காசு போடாதவரைக் கேம் வேண்டுமென்றே தோற்கடிக்கிறதா?

ஒவ்வொரு தோல்விக்கும் இதைக் காரணமாகச் சொல்வது மிகை. முழுக் கற்பனையும் அல்ல. அக்டிவிஷன் கம்பனிக்கு 2017இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது: புதியவரை, அவர் விரும்பக்கூடிய ஆயுதத்தைக் காசு கொடுத்து வாங்கிய திறமைசாலியோடு மோதவிட்டு ஆசையைத் தூண்டும் ஜோடி சேர்ப்பு முறை அது. எந்தக் கேமிலும் பயன்படுத்தவில்லை என்று கம்பனி சொன்னது. நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடியது வேறு: அடுத்தடுத்துத் தோற்றதும் தள்ளுபடிப் பொதி குதித்து வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். இரண்டு மணி நேரம்தான் என்று எண்ணிய கடிகாரம் பல நேரம் மறுவாரம் புதிதாகத் தொடங்கும்.

இது சூதாட்டம் இல்லையா? சட்டம் எதுவும் இல்லையா?

நாட்டுக்கு நாடு வேறு. குறிப்பிட்ட பொருள்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்ற காச்சா (குலுக்கல்) வகை ஜப்பானில் 2012இலேயே நின்றது. சீனா 2017 மே முதல் வாய்ப்பு வீதத்தை வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018இல் காசுக்கு விற்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்றே முடிவுசெய்தது. நெதர்லாந்தில் ஈஏ கம்பனிக்கு விதித்த ஒரு கோடி யூரோ தண்டத்தை 2022இல் நீதிமன்றம் நீக்கியது. தென்கொரியாவில் 2024 மார்ச் முதல் வீதம் வெளியிடுவது கட்டாயம். அதே வருட ஜனவரியில், மேப்பிள்ஸ்டோரியில் வாய்ப்பு வீதத்தை ஆட்டக்காரருக்குச் சொல்லாமல் குறைத்ததற்காக நெக்சனுக்கு 1,160 கோடி வொன் தண்டம் விழுந்தது. கென்ஷினின் கம்பனி 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு 2 கோடி டொலருக்கு இணங்கியது. 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை.

இலங்கையில் லூட் பாக்ஸ் என்று பெயர் சொல்லும் சட்டம் இல்லை. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த 2025இல் ஓர் அதிகார சபைச் சட்டம் வந்தது; அதை நம்பி ரீஃபண்ட் கேட்டு ஒரு கேம் கம்பனிக்கு எழுதுவதால் பயன் வராது. கூகுள், அப்பிள் விதிகளைச் சுட்டி எழுதுவதே வேலைக்கு ஆகும்.

ஒரு நட்சத்திரம் போட்டால், சத்தம் போட்டால் ஏதாவது மாறுமா?

மாறியிருக்கிறது. 2017 நவம்பரில் ஸ்டார் வோர்ஸ் பட்டில்ஃப்ரண்ட் 2இல் டார்த் வேடரை எடுக்க 60,000 கிரெடிட் கேட்டார்கள். நாற்பது மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். விளக்கம் சொன்ன ஈஏயின் ரெடிட் பதிவுக்கு ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்கு. விலையைக் கால்வாசியாகக் குறைத்தார்கள், வெளியீட்டுக்கு முதல்நாள் காசு கொடுத்து வாங்குவதையே நிறுத்தினார்கள். சில மாதம் கழித்து அது திரும்பி வந்தபோது அலங்காரப் பொருளுக்கு மட்டும்.

2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2இன் கணினி ஆட்டக்காரர்கள் பிளேஸ்டேஷன் கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. இலங்கை போன்ற, அந்தச் சேவையே இல்லாத நாட்டவர்கள் காசு கொடுத்து வாங்கிய கேமை இழக்கும் நிலை. கணினிக் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனம் குவிந்தது, சில நாளில் முடிவைக் கைவிட்டார்கள்.

இரண்டிலும் பொதுவாக இருந்தவை இரண்டு: கோரிக்கை ஒன்றே ஒன்று, விற்பனை பாதிக்கப்படும் நேரம். "கேம் நாசம், டெவலப்பர் கள்ளன்" என்ற விமர்சனம் எதையும் செய்யாது. "இந்த நிகழ்வில் பெரிய பரிசுக்கு இவ்வளவு டயமண்ட் போகிறது, முந்தைய நிகழ்வில் இவ்வளவு" என்று எண்ணோடு எழுதியதை மற்றவர்கள் பரப்புவார்கள். எழுதிய கையோடு அதே பொதியை வாங்கினால், கம்பனி பார்ப்பது விற்பனைக் கணக்கைத்தான்.

கேமையே மூடிவிட்டால் வாங்கியதெல்லாம்?

போய்விடும். நீங்கள் வாங்கியது பொருள் அல்ல, அனுமதி. நிபந்தனைகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31இல் த க்ரூவின் சேர்வரை நிறுத்தியபோது காசு கொடுத்து வாங்கிய கேமே திறக்காமல் போனது. விதிவிலக்கும் உண்டு: சோனியின் கொன்கோர்ட் 2024 ஆகஸ்ட்டில் வந்து இரண்டு வாரத்தில் மூடியது, வாங்கியவர்களுக்கு முழுக் காசும் திரும்பியது. மூடும் அறிவித்தல் வந்தால் முதலில் நாணய விற்பனை நிற்கும். அண்மையில் வாங்கியதைச் செலவழிக்காமல் உடனே ரீஃபண்ட் கேளுங்கள், கையில் மிஞ்சிய பழைய நாணயத்தை அறிவித்தலில் உள்ள திகதிக்கு முன் செலவழித்துவிடுங்கள்.

இங்கே யாரிடம் முறையிடலாம்?

யார் மேல் முறைப்பாடு என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் ஏறாத கிஃப்ட் கார்ட் விற்றார் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. பில் இருக்க வேண்டும்; மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். பில் தராத கடையில் கார்ட் வாங்கியவருக்கு அங்கே சொல்ல ஒன்றும் இருக்காது. கார்ட் விவகாரத்தில் வங்கி பதில் தரவில்லை என்றால் மத்திய வங்கி, தொலைபேசி 1935. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டதன் பிரதி கேட்பார்கள். கணக்கை ஹக் செய்துவிட்டார்கள், போலி டொப் அப் தளத்தில் கார்ட் விபரம் கொடுத்துவிட்டோம் என்றால் முதலில் வங்கியை அழைத்துக் கார்ட்டை நிறுத்துங்கள், பிறகு இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட், தொலைபேசி 101. வெளிநாட்டுக் கேம் கம்பனியின் விலை அநியாயம் என்று இவர்களில் யாரிடம் போனாலும் நடவடிக்கை எடுக்க வழியில்லை.

போட்ட காசை ஐடியை விற்று எடுக்கலாமா?

பெரும்பாலான கம்பனிகளின் விதியில் தடை. வாங்குபவருக்கு அதைவிட ஆபத்து: முதல் உரிமையாளரின் ஜிமெயிலும் முதல் ரசீதும் அவரிடமே இருக்கும், அவற்றைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் ஐடியை மீட்டுவிடலாம். விற்பவருக்கு, போட்டதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது.